பாயசம் வரும் இடம்

நீலச் சட்டைக்காரன் பாயச வாளியோடு வந்ததும் படம் ஆட ஆரம்பித்தது.

வேறு எங்கும் ஆடவில்லை. மாலை மாற்றும்போது ஆடவில்லை, தாலி கட்டும்போது ஆடவில்லை. பந்தியில் அந்த ஆள் வந்தது முதல் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தலை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாக இழுத்துக்கொண்டு நடுங்கியது.

ஹட்டனில் பழைய வீடியோ கசெட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கும் சுமன் இதோடு நாட்கணக்கில் மல்லுக்கட்டினான். கசெட் போடும் டெக்கின் ஹெட்டைத் துடைத்தான், வேறு டெக்கில் போட்டான், ஆட்டத்தை அடக்கும் பெட்டி ஒன்றைக் கண்டி நண்பனிடம் இரவல் வாங்கி நடுவில் மாட்டினான். ஒருவழியாகப் படம் நின்றது.

கசெட், தோட்டத்து ஸ்டோரில் தேயிலை அரைத்து ஓய்வு பெற்ற வீரய்யாவின் கல்யாண வீடியோ. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அறுபதாம் கல்யாணம். லயத்து வரிசை வீட்டுச் சனத்துக்கெல்லாம் போட்டுக் காட்டப்போகிறாராம். கொடுத்த அன்றே சுமனைத் தனியாகக் கூப்பிட்டு, "பாயசம் வர்ற எடத்துல ஆடும் தம்பி. அத மட்டும் எப்படியாவது நிப்பாட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இன்று வாங்கிப் போக மனைவி சண்முகவடிவோடு வந்திருந்தார். பட்ட பாட்டைச் சொல்லாவிட்டால் சுமனுக்குத் தூக்கம் வராது. படத்தை ஒரே இடத்தில் நிறுத்தி நிறுத்தி வைத்தால் ஹெட் அந்த இடத்தையே தேய்த்து நாடா பழுதாகிவிடும், வருசக்கணக்காக யாரோ இதில் நிறுத்தி வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அந்த இடத்தைப் போட்டுக் காட்டி விளக்கினான்.

வீரய்யா மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏன் வடிவு, அந்த நீலச் சட்டை ஒம் மாமா மவன் மாயாண்டிதானே?"

முறைப்படி சண்முகவடிவைக் கட்டியிருக்க வேண்டியவன் மாயாண்டி. ஜாதகம் சரிவராமல்தான் வீரய்யாவுக்குக் கொடுத்தார்கள். இதையெல்லாம் வீரய்யாவே சுமனுக்கு எடுத்துச் சொன்னார். தன் வீட்டில் இத்தனை வருசமாக என்ன நடந்தது என்பது இப்போதல்லவா தெரிகிறது, இந்த லட்சணத்தில் ஞாயிற்றுக்கிழமை எதற்கு இன்னொரு தாலி என்றும் கேட்டார்.

ஊரைக் கூட்டிச் செய்ய இருந்த கல்யாணத்தைச் சுமன் தன் வாயாலேயே கெடுத்துவிட்டானே. நாடா ஈரத்தாலும் பழுதாகும், இங்கே பெய்கிற மழைக்கு எதுதான் தாங்கும் என்று மழுப்பிப் பார்த்தான். யாரும் காதில் வாங்கவில்லை.

சண்முகவடிவு கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார்.

படம் ஆடாமல் ஓடியது. மாயாண்டி பாயசம் ஊற்றிவிட்டு நகர்ந்தான். அவன் பின்னால் அப்பளக் கூடையோடு ஒரு பெண் வந்தாள். மணப்பெண் இலையில் ஒன்று வைத்தாள். மாப்பிள்ளை இலையில் மூன்று வைத்தாள். மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார், அவளும் சிரித்தாள்.

வீரய்யா இருமினார்.

சண்முகவடிவு கசெட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே சுமனிடம் சொன்னார்:

"டெக்கு ரிமோட்டு எப்பவும் இவரு தலகாணிக்கு அடியிலதான் தம்பி கெடக்கும்."