கரி பூசிய முகங்கள்

"நம்ம ஜனமே அந்தப் படத்தைப் பார்த்துட்டு வயிறெரிஞ்சு கிடக்கு. நீ மட்டும் ஏன்யா இன்னும் பார்க்கல?"

நகர மண்டபத்தின் படியேறும்போதே லவினியா ஆரம்பித்துவிட்டாள். படத்தைத் தடை செய்யக் கேட்கும் மனு அவள் கக்கத்தில் இருந்தது. மூவாயிரத்துச் சொச்சம் கையெழுத்து. கறுப்பர் தேவாலயத்து மாதர் சங்கச் செயலாளர் அவள்தான். கலிஃபோர்னியா வெயிலில் மூன்று வாரம் வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கியிருந்தாள்.

"குதிரைங்களை விட்டுட்டு எங்க போறது?" என்றான் அவள் புருஷன் ஆம்ப்ரோஸ். பண்ணை ஒன்றில் குதிரைகளைப் பழக்குகிறவன்.

"குதிரை மேல பழி போடாத. இந்த மனுவுல கையெழுத்துப் போடவே நாலு நாள் இழுத்தடிச்சவன்தானே நீ!"

ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டான். போன வருஷம், 1914இல், மூன்று வாரம் வெளியூர் வேலைக்குப் போய் வந்ததிலிருந்தே அவன் இப்படித்தான். எதைக் கேட்டாலும் உருப்படியாக ஒரு பதில் வராது.

"பார்த்திருந்தா உனக்கும் ரத்தம் கொதிச்சிருக்கும். உள்நாட்டுப் போர்க் கதையாம்! மூணு மணி நேரம் வாய் பேசாத படம், அதுல எத்தனை பொய்! நம்ம ஆளுன்னா குடிகாரன், திருடன், வெள்ளைக்காரப் பொண்ணைத் துரத்துற மிருகம். ஜார்ஜியாவுல எங்கப்பாவை மரத்துல கட்டிவெச்சு அடிச்சே கொன்னானுங்களே, அந்த வெள்ளைக்கார முகமூடிக் கும்பல், அவனுங்கதான் நாட்டைக் காப்பாத்தின வீரனுங்களாம்! குதிரையில பாய்ஞ்சு வரும்போது கொட்டகையே எழுந்து நின்னு கைதட்டுது. மேல் மாடியில, நமக்குன்னு ஒதுக்கின உடைஞ்ச பெஞ்சுல, நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"லவினியா, மெதுவா பேசு."

"ஏன் மெதுவா பேசணும்? போன சனிக்கிழமை படம் விட்டு வந்த கூட்டம் நம்ம சபை மூப்பரோட கையை முறிச்சுப் போட்டுச்சு. இன்னிக்கு இதை நிறுத்தலைன்னா நாளைக்கு யார் வீடு எரியுமோ! நீயும் எழுந்து ஒரு வார்த்தை பேசேன். வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"நான் பேசினா நல்லா இருக்காது. அப்புறம் நீயே என்னைச் சும்மா விடமாட்டே."

"பயந்தாங்கொள்ளி!" என்று வெடித்துவிட்டு அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். அவன் பின்னாலேயே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டான்.

விசாரணைக் குழுத் தலைவர் விட்காம் மனுவைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஓரமாகத் தள்ளினார்.

"சொல்லு லவினியா, உனக்கு என்ன குறை?"

"மிஸஸ் பிரூயிட். அதுதான் என் பேர், ஐயா."

மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குக் காதெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் குரல் பிசகவில்லை.

"அந்தப் படத்துல கறுப்பன்னு காட்டுற முக்கியமான ஆளுங்க எல்லாரும் மூஞ்சியில கரி பூசின வெள்ளைக்காரங்க. ஏன் தெரியுமா? எங்க ஆளு உங்க நடிகையோட விரலைக்கூடத் தொடக்கூடாது, அதனால. தொட விடமாட்டீங்க, ஆனா தொட்டதா மட்டும் படம் எடுப்பீங்க! அதைப் பார்த்துட்டு வந்து எங்களை அடிப்பீங்க! இது எந்த ஊர் நியாயம்?"

பின் வரிசையில் தேவாலயத்துப் பெண்கள் "ஆமென்!" என்று குரல் கொடுத்தார்கள். விட்காம் மேஜையைத் தட்டினார்.

"கத்தாத. அது கலை. உனக்கெல்லாம் அது புரியாது. நானே ரெண்டு தடவை பார்த்தேன். முகமூடிப் படைக்கு முன்னால ஒருத்தன் வர்றானே, வெள்ளைக் குதிரையில, ஆத்தைத் தாண்டிக்கிட்டு! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு."

"எனக்கும்தான், ஐயா. அவன் மட்டும் என் கையில கிடைச்சா கண்ணைத் தோண்டிடுவேன்."

"அவன் முகம் தெரியல. தெரியணும்னு அவசியமே இல்லை. சேணத்துல உட்கார்ந்திருக்கிற தோரணையே சொல்லுது, அது எங்க ரத்தம்னு! படத்துல இருக்கிறது பொய்னு சொல்றியே, அது பொய்யா? அப்படிக் குதிரையேறத் தெரிஞ்சவன் ஒருத்தனை உங்க இனத்துல காட்டு. இந்த நிமிஷமே படத்தை நிறுத்துறேன். எல்லாரும் சாட்சி!"

மண்டபம் மறுபடி சிரித்தது. லவினியா ஆத்திரத்தோடு மனுவை அள்ளிக்கொள்ளக் குனிந்தாள்.

அப்போது கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். ஆம்ப்ரோஸ் எழுந்து நின்றான். அவன் கண்கள் விட்காமைப் பார்க்கவில்லை, தன் மனைவியை மட்டுமே பார்த்தன.

"என்னை மன்னிக்க முடிஞ்சா மன்னிச்சுடு, லவினியா," என்றான். பிறகு விட்காம் பக்கம் திரும்பினான்.

"படம் எடுத்தவங்களோட நடிகர் ரெண்டு தரம் ஆத்துல விழுந்துட்டாரு, ஐயா. முகமூடியை மாட்டிட்டா எந்தத் தோலுன்னு எவனுக்குத் தெரியும்னு சொல்லி, அந்த வெள்ளைக் குதிரையில என்னைத்தான் ஏத்திவிட்டாங்க!"