நான்கு மொழித் தகடு

"ஜெர்மன்ல இந்த வார்த்தை பெண்பால். பன்மைன்னா கடைசியில ரெண்டு எழுத்து சேரும்" என்றார் செங்கல்வராயன், தகட்டின் முதல் வரியைக் காட்டி.

"பாடம் நல்லாத்தான் கீது" என்று பல்லைக் கடித்தான் சக தொழிலாளி சம்பத். "தங்கவேலுக்கு வேலை கீதா இல்லையா, அத்தச் சொல்லுங்க சார்."

மண்ணூர்பேட்டையில் அந்தத் தொழிற்சாலை. ஆயுத பூஜை கழிந்த மூன்றாம் நாள், தங்கவேலின் வலது கையில் இரண்டு விரல்களை பிரஸ் இயந்திரம் நசுக்கிவிட்டது. எச்சரிக்கைத் தகட்டைப் பார்க்காமல் கை வைத்தான் என்று முடிவானால் வேலை போய்விடும். தகட்டைப் படித்துச் சொல்லத்தான் பல மொழி தெரிந்த செங்கல்வராயனை மேனேஜர் வரவழைத்திருந்தார்.

அடுத்த வரியைத் துடைத்துப் படிக்கச் செங்கல்வராயன் கைக்குட்டையை எடுத்தார். துடைக்க அழுக்கே இல்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"இத்தாலியன்ல பெரீகோலோ, ஸ்பானிஷ்ல பெலீக்ரோ. ரெண்டும் ஆண்பால், ஒரே லத்தீன் வார்த்தையோட பிள்ளைங்க. பிரெஞ்சு வார்த்தைக்கு ஆதியில எஜமானோட அதிகாரம்னு அர்த்தம். இப்ப நாலுமே அபாயம்தான்."

"பிரெஞ்சுக்காரன் கரீட்டா சொல்லிக்கிறான்" என்றான் சம்பத். "ஆம்பள அபாயம், பொம்பள அபாயம் எல்லாம் கீது. தமிழ்ல ஒரு வரி எய்தினா கை நோவுமா சார்?"

மேனேஜர் சிரித்தார். "மிஷினோட வந்த தகடு. மாட்டின நாள்லேருந்து இங்கதான் இருக்கு. பிரெஞ்சு வரியைப் பாரு, இங்கிலீஷ்லயும் அதே எழுத்துதான். இவன் எட்டாவது பாஸ். டேஞ்சர்னு படிக்கத் தெரியாதா?"

சம்பத் தங்கவேல் பக்கம் திரும்பினான். "இன்னாடா, பாக்கவே இல்லியா?"

"நெனப்பு இல்ல அண்ணாத்தே. எத்தினியோ தகடு கீது இதுல" என்றான் தங்கவேல், கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி.

"அப்ப உன் தப்புதான்." மேனேஜர் காகிதத்தை நீட்டினார். "ஒத்துக்கிறேன்னு கையெழுத்துப் போடு. இடது கையால போட்டாலும் செல்லும்."

தங்கவேல் பேனாவை வாங்கினான்.

"போடாத நைனா."

ஷெட்டைப் பெருக்கும் குப்பம்மா. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்து தகட்டை உற்றுப் பார்த்தாள்.

"நீ யாரு நடுவுல? இதுல ஒரு எழுத்தாவது படிக்கத் தெரியுமா உனக்கு?" என்று கத்தினார் மேனேஜர்.

"தெரியாது சார். ஆனா பூசைக்கு இந்த மிசின்ல ஒரு தகடு வுடாம பொட்டு வெச்சது நாந்தான், இது அன்னிக்கி இல்ல."