அலுமாரித் திறப்பு

தம்பி நிரோஜன் முற்றத்தில் விழுந்தபோது, முதலில் கையை ஊன்றிவிட்டுப் பிறகுதான் தலையைச் சாய்த்தான்.

கள்ளன். வலிப்பில் விழுகிறவர்களுக்குக் கை ஊன்ற நேரம் கிடைக்காது. என் நாடியில், உதட்டுக்குக் கீழே இருக்கிற தழும்புகளைக் கேட்டால் சொல்லும்.

வீட்டுக்கு ஒருவரைப் போருக்குக் கொண்டுபோக வந்த இருவரும் வாசல் படலையடியில் நின்று பார்த்தார்கள். எங்கள் வீட்டில் அந்த வயதில் இருந்தது அவனும் நானும்தான்.

வாயைக் கோணினான். எச்சிலை நுரைக்கவைத்துக் கன்னத்தில் வழியவிட்டான். காற்சட்டை நனைந்தது. சனியன், அதைக்கூட விடவில்லை.

வலிப்பு வரும்போது நான் எப்படி இருப்பேன் என்பதை அன்றுதான் கண்டேன். சீ என்றிருந்தது. இத்தனை வருடமும் பக்கத்தில் நின்று பாடமாக்கியிருக்கிறான்.

அம்மா குசினியில் சமையலை விட்டுவிட்டு ஓடிவந்தார். கையில் செருப்பு.

எனக்கு வரும்போதெல்லாம் அந்தச் செருப்பைத்தான் மூக்கில் அழுத்துவார். சாணி நாற்றத்தோடுதான் எனக்கு நினைவு திரும்பும். அலுமாரியைப் பூட்டுகிற திறப்பையும் கைக்குள் திணிப்பார். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்குமாம்.

இரண்டு பிள்ளைகளுக்கும் இந்த வலிப்பு வருத்தம் என்று அம்மா சொன்னால் போதும். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா செருப்பை அவன் மூக்கில் வைத்தார். திறப்பைக் கையில் கொடுத்தார். உடனே உதறல் நின்றது. எனக்கு ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

வந்தவர்களில் ஒருத்தி என்னைக் காட்டி, இவருக்கும் ஏதாவது வருத்தமா என்று கேட்டாள்.

"இவளுக்கு ஒண்டுமில்லை, பிள்ளை. நல்ல சுகமாத்தான் இருக்கிறாள்."

கலியாணம் பேசி வந்தவர்களுக்கெல்லாம் அம்மா சொன்ன அதே வார்த்தை, அதே குரல். என் வருத்தத்தை ஊரில் ஒரு குருவிக்கும் தெரியாமல் பொத்திவைத்திருந்தார். இனி நான் கத்தினாலும் யார் நம்பப்போகிறார்கள்? நம்பினால் தம்பியை வாகனத்தில் ஏற்றுவார்கள். நானே படலையை நோக்கி நடந்தேன்.

வலிப்புக்கு நான் விழுங்கும் குளிசையும் போன கிழமையோடு முடிந்திருந்தது. அது அம்மாவுக்கும் தெரியும்.

படலையடியில் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்தக் கைகள் பட்ட இடமெல்லாம் கூசியது. தள்ளிவிட்டேன்.

அவர் விலகியபோது என் உள்ளங்கையில் அலுமாரித் திறப்பு இருந்தது. தம்பியின் எச்சிலும் மண்ணும் அதில் ஒட்டியிருந்தன.

தூ என்று அவர் முகத்தில் எறியத்தான் நினைத்தேன்.

வாகனம் தர்மபுரம் சந்தியைத் தாண்டும்போதும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.