ஊதினால் போகும் வலி

எங்கள் அடுக்ககத்தில் தும்பி என்று இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். அவள் ஊதினால் முறிந்த எலும்புகூட ஒட்டிக்கொள்ளும்! நீங்கள் நம்பமாட்டீர்கள். குழந்தை வளர்ப்பு வாரியத்து அதிகாரி மகிழ்நனும் நம்பவில்லை.

அவர் வந்ததே பொல்லாத வேலைக்கு. எதிர்வீட்டுக்காரன் என்ற உரிமையில் நானும் அங்கே ஆஜர்.

"பாப்பா விழுந்தா தரையை அடிக்கிறீங்களாமே? அடிதடி கத்துக்கொடுக்கிறீங்கன்னு பாப்பாவைக் கண்காணிக்க நாங்க வச்ச உங்க வீட்டு இயந்திரமே புகார் பண்ணியிருக்கு. இனிமே அவ காப்பகத்துல வளரட்டும்மா," என்றார் தும்பியின் அம்மா செண்பகத்திடம்.

"அடிச்சிட்டு ஊதியும் விடுவேன் சார். எங்கம்மா எனக்குச் செஞ்சதுதானே?" என்று கெஞ்சினாள் செண்பகம்.

குழந்தையைத் தூக்கப் போன மகிழ்நன் பொம்மை லாரியை மிதித்து விழுந்தார். ஏழு மாடியும் குலுங்கிற்று. தெருமுனைக் கடையில் டீ தளும்பிற்று!

தும்பி ஓடிவந்தாள். தரையைப் பளாரென்று அறைந்தாள். "மாமாவ அடிப்பியா?" அப்புறம் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு, கன்னம் உப்ப ஊதினாள். "போச்சா?"

"காயத்தைப் பதிவு செய்யட்டுமா, ஐயா?" என்றது இயந்திரம்.

மகிழ்நன் முட்டியை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார்.

"வேணாம். அந்தப் புகாரையும் அழிச்சிடு," என்றார். "நெஜமாவே போயிடுச்சு."