மீன் எண்ணெய்க் களிம்பு

"அண்ணே, இங்கே முடி வெட்டறீங்களா, மீன் வெட்டறீங்களா?"

கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கழுத்தில் கட்டிய துணியோடே எழுந்து, தெருவைக் கடந்து, எதிர்க் கடைக்குள் நுழைந்துவிட்டார்.

சலூன்காரருக்கு முகம் செத்துப்போயிற்று.

மீன் நாற்றம் அவர் காலிலிருந்துதான் வந்தது. நாள் முழுக்க நின்றே வேலை செய்கிற கால். கெண்டைக்காலில் வந்த புண், ஆறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. டாக்டர், மீன் எண்ணெய் கலந்த களிம்பு ஒன்றைக் கொடுத்தார்.

"வாடை கொஞ்சம் தூக்கலா இருக்கும். அதுக்காக நடுவுல நிறுத்திடாதீங்க. புண் உள்ளே இறங்கிட்டா காலுக்கே ஆபத்து."

புண் என்னவோ ஆறத்தான் செய்தது. ஓரமெல்லாம் ரோஜா நிறத்தில் புதுத் தோல். ஆனால் கடைக்கு வாடிக்கைக்காரர்கள் வருவது நின்று, பூனைகள் வர ஆரம்பித்துவிட்டன.

முந்தின நாள் வீட்டில் கத்தித் தீர்த்துவிட்டார். "இனிமே களிம்பும் கிடையாது, கட்டும் கிடையாது! கால் பிழைச்சு, கடை செத்தா என்ன பிரயோஜனம்?"

"ஆறிட்டு வர்ற நேரத்துல இப்படிப் பண்ணாதீங்க" என்று மனைவி கெஞ்சினாள். இன்று காலையில் அவர் காலை மடியில் இழுத்து வைத்து, வலுக்கட்டாயமாகத் தடவிக் கட்டித்தான் அனுப்பினாள்.

எதிர்க் கடை மீசைக்காரரும் இவரும் ஒரே இடத்தில் தொழில் பழகியவர்கள். என்றைக்கோ ஒரு சுழல் நாற்காலிக்காகச் சண்டை போட்டுப் பிரிந்ததோடு சரி, முகத்துக்கு முகம் பேசுவதில்லை.

இன்று அங்கே ஒரே கூட்டம். மீசைக்காரர் இவர் கடைப் பக்கம் கையைக் காட்டி என்னவோ சொல்ல, உள்ளே கொல்லென்று சிரிப்பு.

அவ்வளவுதான். காலில் இருந்த கட்டைப் பிய்த்துக் குப்பைக் கூடையில் எறிந்தார் சலூன்காரர். ஒரு பூனை கூடையோடு தங்கிவிட்டது. மற்ற இரண்டும் அவர் பின்னாலேயே சண்டைக்குக் கிளம்பின.

எதிர்க் கடை வாசலில் அவர் கால் தானாக நின்றது.

நாற்காலியில் இருந்தவருக்கு ஒரு கன்னம் வழவழவென்று இருந்தது. மறு கன்னத்தில் தாடி அப்படியே. பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கும் பாதித் தலைதான் வெட்டியிருந்தது.

"மிச்சத்தையும் முடிச்சு விடுப்பா, புண்ணியமாப் போகும்!" என்றார் அரைத் தாடிக்காரர்.

"இந்தப் பக்கம்தான் நான். அந்தப் பக்கம் எதிர்க் கடையில" என்றார் மீசைக்காரர்.

"ஐயோ, அங்கே நாத்தம் குடலைப் புரட்டுதே!"

"இந்தா பஞ்சு. மூக்குல வெச்சுக்கிட்டுப் போ. அவன் சம்சாரம், நம்ம தங்கச்சி, காலையில வந்து ஒரே அழுகை. கடை ஓடலைன்னு அந்த மடையன் மருந்தை விடப் போறானாம்."

சொல்லிக்கொண்டே திரும்பியவர், வாசலில் நின்றவரைப் பார்த்தார். பார்வை அப்படியே காலுக்கு இறங்கியது. மீசை துடித்தது.

"கட்டு எங்கேடா? போய்க் களிம்பைத் தடவிக் கட்டிக்கிட்டு, சீக்கிரம் கத்திரியை எடு. இத்தனை பேர் பாதித் தலையோட உனக்காகத்தான் உட்கார்ந்திருக்காங்க!"