அக்காவின் பெயரில் எடுத்த படம்

ஸ்கேன் மேசையில் ஜெசிந்தா வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் மறுபடியும் "கட்டி இல்லை" என்றது. அது ஒப்புக்கொள்ளாமல் எந்த ஆஸ்பத்திரியிலும் ஆபரேஷன் அறை திறக்காது.

டாக்டர் ரெஹானா அவள் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "சினைப்பையில கட்டி முறுக்கிக்கிட்டிருக்கு. என் கைக்குத் தெரியுது. ஆனா என் பேச்சை இது கேக்காது."

கூட வந்திருந்த தங்கை பிலோமினாவுக்கும் சினைப்பையில் கட்டி உண்டு. அவளுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன் என்று இயந்திரமே நாள் கொடுத்திருந்தது. அவள் அக்காவின் பெயர் போட்ட ஆஸ்பத்திரிக் கைப்பட்டையைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டாள்.

"அக்கா பேர்ல என்னைப் படம் எடுங்க, டாக்டர்."

"அப்புறம் உனக்குச் சிக்கலாயிடும்மா."

"அக்கா செத்துட்டா?"

ரெஹானா அவளைப் படம் எடுத்தார். இயந்திரம் கட்டியைக் கண்டது. ஆபரேஷன் அறை திறந்தது. ஒரு சினைப்பை போனாலும் ஜெசிந்தா பிழைத்தாள்.

அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு முன் பிலோமினா தன் பெயரில் ஸ்கேன் மேசையில் படுத்தாள். "இது ஜெசிந்தாவின் கட்டி. ஏற்கெனவே அகற்றப்பட்டது" என்றது இயந்திரம். ஆபரேஷன் ரத்தானது.

பிலோமினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். ஜெசிந்தா இயந்திரத்தின் முன் மண்டியிட்டுத் தன் தழும்பைக் காட்டினாள்.

"என்னுதைத்தான் எடுத்தாங்க. அவளுது உள்ளயே இருக்கு. நல்லாப் பாரு!"

"அடுத்தவர் வரலாம்" என்றது இயந்திரம்.