ஏழாவது மகள்

டோக்கியோவை விட்டு வெளியேறும் நெடுஞ்சாலை முனையில், 'மாட்சுமோட்டோ' என்று ஊர்ப் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, லிஃப்ட் கேட்டு நின்றேன். என் மகளின் விலாசம் இப்போதுதான் கிடைத்திருந்தது. அவளைப் பார்த்து ஒன்பது வருஷம். எனக்கு இன்று ஒரு நாள்தான் லீவு.

கடைசியில் ஒரு கார் நின்றது. ஓட்டியவர் கருப்புக் கோட்டும் வெள்ளை டையும் போட்டிருந்தார். துவைத்தும் தார் வாடை போகாத என் சட்டையைப் பார்த்ததும் இருக்கையில் செய்தித்தாளை விரித்தார்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. கல்யாணத்துக்குப் போறேன். நான்தான் பொண்ணோட அப்பா."

"நல்லா இருக்கட்டும்ங்க."

"அட, வாடகை அப்பா! கம்பெனி அனுப்புது. இந்த வருஷத்துல இது ஏழாவது மக."

சிரித்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து அழுது பழகினார். நிஜமாகவே கண்ணீர் வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"தூ! இதெல்லாம் ஒரு பிழைப்பா?"

"என்னை ஏன் திட்டுறீங்க? சொந்த அப்பனைச் சபையில காட்ட அந்தப் பொண்ணுக்கு அருவருப்பாம்."

"பெத்தவனைப் பார்த்து அருவருப்பா? அதெல்லாம் ஒரு பொண்ணா!"

"அதை விடுங்க. அந்தப் பொண்ணு எழுதிக் கொடுத்ததை மேடையில பேசணும். சரியா இருக்கான்னு கேளுங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "சிஹாரு, அஞ்சு வயசுல பனியில வழுக்கி உன் மோவாய் கிழிஞ்சப்போ, உன்னை முதுகுல சுமந்து ரெண்டு ரயில் நிலையம் தூரம் ஓடினேன்... எப்படி அண்ணே?"

நான் மடியிலிருந்த அட்டையை இரண்டாக மடித்தேன்.

"அடுத்த நிறுத்தத்துல என்னை இறக்கி விட்டுடுங்க," என்றேன். "அப்புறம், அது ரெண்டு நிலையம் இல்லைங்க. மூணு."